புல்தரையும் மாலியின் வார்த்தையும்

எங்கள் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு இம்முறை இரண்டு தீர்மானங்கள் வந்திருக்கின்றன. முதலாவது, நடுவில் இருக்கும் புல்தரையை எடுத்துவிட்டு சிமெண்ட் டைல்ஸ் பதிப்பது. இரண்டாவது, முதல் தீர்மானம் நிறைவேறாமல் போனால், மாலிக்கு மாதந்தோறும் கொடுத்து வரும் தொகையை நிறுத்திவிடுவது. "புல்தான் வந்துவிட்டதே, இனி அவர் எதற்கு?" என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டையும் எதிர்த்தே நான் வாக்களிக்கப் போகிறேன். எங்கள் குடியிருப்பு விவகாரத்தைச் சங்கப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். யமுனைக்கு இக்கரையில் நம்மவர்கள் வசிக்கும் கூட்டுறவுக் குடியிருப்புகள் பலவற்றிலும் இப்படி ஒரு புல்தரை இருக்கிறது. அது கெட்டுப்போவதும், அதைச் சரிசெய்யப் பணம் செலவாவதும், கடைசியில் "சிமெண்ட் போட்டுவிடலாம்" என்று முடிவதும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. ஆகவே இது எல்லோருக்கும் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் புல்தரை அறுபது அடி நீளம், நாற்பது அடி அகலம். 2,400 சதுர அடி. தை மாதம் நம் குடும்பங்கள் ஒரு ஓரமாகச் செங்கல் அடுக்கிப் பொங்கல் வைப்பது அங்கேதான். குடியரசு தினத்தன்று கொடி ஏற்றுவதும், வங்காளிக் குடும்பங்கள் சரஸ்வதி பூஜைப் பிரசாதம் கொடுப்பதும் அங்கேதான். இவற்றைவிட முக்கியமானது தில்லியின் குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் ஃபிளாட்டுக்குள் உட்கார்ந்தால் எலும்பு வரைக்கும் குளிரும். காலை பதினோரு மணிக்கு வெயில் வந்ததும் மாடியிலிருந்து வயதானவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, புல்லில் நாற்காலி போட்டு, வேர்க்கடலையும் ஆரஞ்சும் உரித்துக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். இந்தி சரியாக வராத நம் மாமிகளும், தமிழே தெரியாத பஞ்சாபிப் பாட்டிகளும் அந்த வெயிலில்தான் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே சிநேகிதமானார்கள். இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

2022-23 குளிர்காலத்தில் அந்தப் புல்தரையில் வரிசையாகக் கல்யாண வரவேற்புகள் நடந்தன. டெண்ட் ஹவுஸ்காரர்கள் இரும்பு முளைகளை அடித்தார்கள். சாமான் ஏற்றி வந்த டெம்போ உள்ளேயே வந்து நின்றது. ஹல்வாயிகள் அடுப்பு வைத்தார்கள்; மீந்த எண்ணெயும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அங்கேயே கொட்டப்பட்டன. தரைமீது விரித்த கனத்த கம்பளங்கள் இரண்டு மூன்று நாள் எடுக்கப்படாமல் கிடந்தன. பிப்ரவரி மாதம் பார்த்தபோது புல் இருந்த இடம் மாட்டுவண்டிப் பாதைபோல ஆகிவிட்டது.

நிர்வாகக் குழு மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலை சொன்ன ஒப்பந்தக்காரருக்கு வேலையைக் கொடுத்தது. 1,10,000 ரூபாய். 2023 ஏப்ரலில் அவர் சுருட்டிய பாய்போலப் புல்லைக் கொண்டுவந்து இரண்டே நாளில் விரித்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கண்ணைப் பறிக்கும் பச்சை. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். ஜூன் மாதம் அது வைக்கோல். ஜூலையில் மழை பெய்ததும் அந்த வைக்கோலின்மேல் தண்ணீர் தேங்கிக் கொசு வந்தது. "நீங்கள் சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை" என்று சொன்ன ஒப்பந்தக்காரர், பிறகு டெலிபோனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் யோக்கியமானவர்கள். பொதுப்பணத்தை வீணாக்க நினைத்தவர்கள் அல்ல. ஆனால் புல்தரை என்பது மேலே விரிக்கும் ஒரு சாமான் என்று அவர்கள் எண்ணினார்கள். டெம்போ ஏறி இறங்கி, ஆயிரம் பேர் மிதித்து, எண்ணெய் ஊறிய மண் கல்போல் இறுகிக் கிடக்கிறது. அதன்மேல் விரித்த புல்லின் வேர் எங்கே போகும்? வேர் இறங்காத புல்லுக்கு மே மாத வெயிலில் ஒரு நாளைக்கு நான்கு வேளை தண்ணீர் ஊற்றினாலும் போதாது. மழை வந்தால் அதே இறுகிய மண் தண்ணீரைக் கீழே விடாது; புல் அழுகும். வெயிலில் ஒரு சாவு, மழையில் ஒரு சாவு.

இந்த நிலையில்தான் மாலி வந்தார். உத்தரப் பிரதேசத்தில் பதாயூன் மாவட்டத்துக்காரர். அவருடைய உறவினர்கள் யமுனைப் படுகையில் குத்தகை நிலத்தில் கீரையும் வெள்ளரியும் போடுகிறார்கள். இவர் எங்கள் பிளாக்கில் ஏழெட்டு வீடுகளில் பூந்தொட்டி பார்த்துக்கொண்டிருந்தார். 2023 செப்டம்பரில் ஒருநாள் புல்தரையைச் சரிசெய்ய முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். புல்லை அவர் பார்க்கவே இல்லை. இடுப்பிலிருந்த குர்பியை எடுத்து ஐந்தாறு இடங்களில் குத்தினார். எங்குமே மூன்று அங்குலத்துக்குமேல் இறங்கவில்லை. பிறகு ஓரிடத்தில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒரு பக்கெட் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு, "பாபுஜி, சாய் குடித்துவிட்டு வருகிறேன்" என்று போய்விட்டார். அரைமணி கழித்துத் திரும்பி வந்து குழியைக் காட்டினார். பாதித் தண்ணீர் அப்படியே நின்றது.

நான் 1980-ல் சிவில் டிப்ளமோவுடன் வடக்கு ரயில்வேயில் பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர் பயிற்சியில் சேர்ந்து, முப்பத்தொன்பது வருஷம் தண்டவாளத்தோடு வாழ்ந்து ரிடையர் ஆனவன். எங்கள் தொழிலில் முதல் பாடமே, தண்டவாளத்தின் முதல் விரோதி தண்ணீர் என்பதுதான். ஜல்லிக்குக் கீழே தண்ணீர் தேங்கினால் எவ்வளவு நல்ல ரயிலும் ஸ்லீப்பரும் போட்டாலும் பாதை நிற்காது. கருவியும் காகிதமும் வைத்து நாங்கள் செய்யும் மண் பரிசோதனையை, அந்த மனிதர் ஒரு பக்கெட் தண்ணீரில் செய்து காட்டிவிட்டார். ஒப்பந்தக்காரர்கள் மூன்று பேரும் கொட்டேஷன் கொடுக்கும்முன் டேப் வைத்து நீள அகலம் அளந்தார்கள். ஒருவரும் மண்ணைத் தொடவில்லை.

"எப்போது ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டேன். "அடுத்த வருஷம் மே மாதம்" என்றார். நிர்வாகக் குழுவில் இதைச் சொன்னதும் பலருக்குக் கோபம். பொங்கலுக்குள் பச்சையாக வேண்டும் என்றார்கள். மாலி அசையவில்லை. "இப்போது நட்டால் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும், சாப். உங்கள் பணம் போகும், என் பெயரும் போகும்" என்றார்.

அவர் சொன்னதில் உள்ள நியாயத்தை நம்மவர்கள் புரிந்துகொள்வதற்கு ஒரு சிரமம் உண்டு. நம் உடம்பில் ஊர்ப் பஞ்சாங்கம் இருக்கிறது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. அங்கே புல்லுக்குக் குளிர் என்று ஒரு பகை கிடையாது. தில்லியில் ஏறக்குறைய அதில் பாதி மழைதான். அதுவும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நவம்பர் வந்தால் இங்கே புல் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் பழுப்பாகித் தூங்கும். ஆகவே இங்கே புல் நடச் சிறந்த காலம் முதல் மழைக்குப் பிறகு வரும் ஜூலை மாதம். மண்ணைத் தோண்டிக் காயவிட வேண்டிய காலம் அதற்கு முந்தைய கடும் வெயில். இதை மாலி எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவர் பாட்டனார் காலத்திலிருந்து இந்தக் கங்கை யமுனைச் சமவெளி மண்ணில் கை வைத்து வந்த ஞானம் அது.

வேலைத் திட்டத்தை அவர் வாயாலேயே சொன்னார்: ஒரு அடி ஆழம் கொத்த வேண்டும், நான்கு ஆள், எட்டு நாள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,400 சதுர அடியை ஒரு அடி ஆழம் கொத்தினால் 2,400 கன அடி மண். இவ்வளவு இறுகிய மண்ணில், கல்லும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஒரு ஆள் நாளைக்கு 75 கன அடிக்குமேல் செய்ய முடியாது. வகுத்தால் 32 ஆள்-நாள். நான்கு ஆள், எட்டு நாள். எஸ்டிமேட் என்றால் இப்படி இருக்க வேண்டும்! கூலி, எரு, மணல், புல் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை 54,000 ரூபாய். வைக்கோலாகிப் போன வேலைக்குக் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு.

2024 மே மாதம் தில்லியில் எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மே 29-ஆம் தேதி ஸஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. மாலியும் அவர் ஆட்களும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடித்துவிடுவார்கள். மத்தியானம் மண்ணை வெயில் பார்த்துக்கொண்டது. புரட்டிப் போட்ட கட்டிகள் வெந்து, பூச்சியும் புழுவும் களைவேர்களும் காய்ந்தன. வேலையின் பெரும்பகுதி, மோத்தா என்று இங்கே சொல்லும் நம் கோரையை ஒழிப்பதுதான். கோரையை மேலே பிடுங்கினால் போகாது. கீழே கிழங்கு இருக்கிறது. ஒரு கிழங்கு தப்பினால் பத்தாகும். தோண்டிய மண்ணில் அவர் வேண்டுமென்றே தண்ணீர் தெளித்து, மிச்சமிருந்த கோரையை முளைக்கவிட்டு, அடையாளம் பார்த்துக் கிழங்கோடு எடுத்தார். இதை இருமுறை செய்தார். பார்க்கிறவர்களுக்கு, "என்ன இந்த ஆள், களைக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்?" என்று தோன்றியது. ஒருவர் வந்து என்னிடம் புகாரே செய்தார்.

எருவிலும் அவர் பிடிவாதம் பிடித்தார். பக்கத்துப் பால் பண்ணையிலிருந்து பச்சைச் சாணம் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு அங்கத்தினர் யோசனை சொன்னார். மாலி மறுத்துவிட்டார். மக்காத சாணம் கறையானையும் வெள்ளைப் புழுவையும் அழைத்துவரும். அவை வேரைத் தின்னும். ஒரு வருஷம் மக்கி, கையில் எடுத்தால் வாசனையே இல்லாமல் உதிரும் எருதான் வேண்டும் என்று சொல்லி, தானே போய்ப் பார்த்து வாங்கி வந்தார். எருவும் மணலும் கலந்தபின், கட்டடத்திலிருந்து வடிகால் பக்கமாக நூறு அடிக்கு ஒரு அடி என்கிற கணக்கில் சரிவு கொடுத்துச் சமப்படுத்தினோம். அந்தச் சரிவை மட்டும் நான் லெவல் குழாய் பிடித்துப் பார்த்துக் கொடுத்தேன். அவர் கண்ணால் போட்ட சரிவுக்கும் என் குழாய்க்கும் ஒரு அங்குலம்தான் வித்தியாசம்.

ஜூன் 28-ஆம் தேதி வந்தது. ஒரே நாளில் ஸஃப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் மழை. தில்லி முழுவதும் மிதந்தது. எங்கள் கார் நிறுத்துமிடம், சிமெண்ட் போட்டது, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றது. கொத்திவிட்ட அந்த 2,400 சதுர அடி மட்டும் தண்ணீரைக் குடித்தது. மிச்சம் சரிவில் வடிந்தது. மறுநாள் மாலையில் அங்கே தேங்கிய தண்ணீர் இல்லை.

ஜூலை முதல் வாரம் புல் நட்டார்கள். தூப் என்று இங்கே சொல்வது, வடமொழியில் தூர்வா, எல்லாம் நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற அதே புல். கணுவோடு கூடிய தண்டுகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றினார்கள். முதல் மாதம் பார்க்கச் சகிக்கவில்லை. மொட்டைத் தலையில் அங்கங்கே முடி முளைத்ததுபோல் இருந்தது. பிறகு கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்தது. செப்டம்பர் முடிவில் தரை தெரியவில்லை.

இதற்கிடையில் நடந்த சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. புல் படர்ந்துகொண்டிருந்தபோது, ஆகஸ்டில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு அங்கே ஷாமியானா போட அனுமதி கேட்டார்கள். மாலி கூடாது என்றார். "ஒரு நாள்தானே" என்றார்கள். ரயில்வேயில் ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்டபின் முதல் வண்டியை நூறு கிலோமீட்டர் வேகத்தில் விடமாட்டோம். இருபது கிலோமீட்டர் என்று கட்டுப்பாடு வைத்து, பாதை இறுக இறுகப் படிப்படியாக உயர்த்துவோம். ராஜதானி லேட் ஆகிறதே என்று மேலிடத்திலிருந்து எவ்வளவு நெருக்கினாலும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடாமல் வேகம் கூடாது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு 2009 டிசம்பர் 27 நினைவிருக்கும். நம் ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில், புதிதாக அமைத்த ஆடுகளத்தில் பந்து கண்டபடி எழும்பியதால் இலங்கையுடன் நடந்த ஒருநாள் பந்தயத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. புதிதாகச் செய்த தரைக்கு ஓய்வு வேண்டும் என்பதும், ஓய்வு போதுமா என்று சொல்ல வேண்டியவர் அதைச் செய்தவரே என்பதும் மாலி சொல்லும் அதே பாடம். பிறந்தநாள் விழா மொட்டைமாடியில் நடந்தது. யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனி தீர்மானங்களுக்கு வருகிறேன்.

டைல்ஸ் வேண்டும் என்பவர்களின் வாதம் சுலபமானது: ஒருமுறை செலவு, பிறகு தொல்லை இல்லை, விழாக்களுக்கு வசதி. ஒருமுறை செலவு என்பது சரியல்ல. அடியில் மண் சரியாக இறுக்கப்படாவிட்டால் இரண்டு மழைக்குள் டைல்ஸ் ஆடும், மேடு பள்ளம் வரும், வயதானவர்கள் தடுக்குவார்கள். இறுக்கிப் போட்டால் மழைத்தண்ணீர் இறங்க வழியில்லை. 2024 ஜூன் 28 அன்று கார் நிறுத்துமிடத்தில் பார்த்த காட்சியைக் குடியிருப்பு முழுவதற்கும் விரிவாக்கிக்கொள்வோம். தில்லியில் ஒருபக்கம் நிலத்தடி நீர் இல்லையென்று டாங்கர் வாங்குகிறோம், மறுபக்கம் இறங்கவேண்டிய மழைக்குக் கதவைச் சாத்துகிறோம். மே மாதம் மாலை ஏழு மணிக்குப் புல்லில் வெறுங்காலோடு நடக்கலாம். சிமெண்டில் இரவு பத்து மணிவரை அனல் அடிக்கும். பிளாஸ்டிக் புல் போடலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வெயிலில் அது உண்மையான புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறும். குழந்தைகள் கால் வைக்க முடியாது.

குளிர்கால வெயிலில் உட்காரும் பாட்டிகளைப் பற்றி முன்பே சொன்னேன். டைல்ஸ் போட்ட இடம் நாளடைவில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒரு ஸ்கூட்டர், பிறகு ஒரு கார், பிறகு இரண்டாவது கார். எங்கே பொங்கல் வைப்பது என்று அப்போது யோசிப்போம்.

இரண்டாவது தீர்மானம் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. புல் வந்துவிட்டது, மாலி எதற்கு என்பது, தண்டவாளம் போட்டாகிவிட்டது, கீமேன் எதற்கு என்று கேட்பதைப் போன்றது. கீமேன் தினமும் தன் பீட் முழுவதும் நடந்து, ஒவ்வொரு சாவியாகப் பார்த்து, தளர்ந்ததைத் தட்டி இறுக்குவார். அவர் வேலை ஒழுங்காக நடக்கும்வரை அவர் இருப்பதே பிரயாணிகளுக்குத் தெரியாது. நம் மாலியின் வருஷமும் அப்படித்தான். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெட்டு. அதுவும் ஒட்ட வெட்டாமல், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காமல். குளிரில் வெட்டே கிடையாது. பழுப்பாகிவிட்டதே என்று பயந்து யூரியா போட வருபவர்களைத் தடுப்பதுதான் வேலை. பிப்ரவரி முடிவில் முள்கரண்டியால் குத்தி மண்ணுக்குக் காற்று காட்டி, மக்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் தூவுவது. கோடையில் தினமும் தெளிக்காமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் ஆழமாகத் தண்ணீர் விடுவது. அப்போதுதான் வேர் கீழே போகும். கோரை எட்டிப் பார்த்தால் அன்றைக்கே கிழங்கோடு எடுப்பது. இலைதழைகளை எரிக்காமல் ஒரு குழியில் போட்டு எருவாக்குவதையும் அவரே செய்கிறார். தில்லியில் இலை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே தடுத்து அபராதமும் அறிவித்திருந்தும், பல குடியிருப்புகளில் இன்றும் புகை வருகிறது; எங்களிடம் வருவதில்லை. இவ்வளவையும் நிறுத்தினால் இரண்டே வருஷத்தில் கோரையும் கட்டாந்தரையும் திரும்பும். பிறகு மறுபடி கொட்டேஷன், மறுபடி வைக்கோல்.

மாலிக்கு நாங்கள் கொடுப்பது என்ன? வீட்டுக்குக் கணக்குப் பார்த்தால் மாதம் ஒரு தோசை விலைகூட வராது. ஆனாலும் பேரம். நம்மவர்களிடம் ஒரு விநோதம் உண்டு. சங்க விழாவுக்கு வரும் நாகஸ்வரக்காரரிடம், "அந்த ராகம் வேண்டாம், இதை வாசி, ரேட்டைக் குறை" என்று சொல்வதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தில் பாதியை நீக்கச் சொல்வதில்லை. மண்வெட்டி பிடித்தவரிடம் மட்டும் எல்லோருக்கும் சொல்வதற்கு ஒரு யோசனை இருக்கிறது. பத்தாம் நம்பர் வீட்டுக்காரர் தண்ணீர் விடச் சொல்வார், பன்னிரண்டாம் நம்பர் நிறுத்தச் சொல்வார். இருபது வயதுப் பையன்கள்கூட அறுபதை நெருங்கும் அவரை "ஏய் மாலி" என்று அழைக்கிறார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது சாமர்த்தியம் ஆகாது, சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும், இவ்வளவு தெரிந்த ஒருவரை ஆளாகப் பார்க்காமல் கூலியாக மட்டும் பார்ப்பது நமக்கு நஷ்டம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. குர்பி வைத்திருப்பவரெல்லாம் தெரிந்தவரா? இல்லைதான். ஒப்பந்தக்காரரிலும் நல்லவர் உண்டு, மாலியிலும் அரைகுறை உண்டு. தேர்ந்தெடுப்பதற்கு என் அனுபவத்தில் சில வழிகள் சொல்கிறேன். வந்தவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்; மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் விலை சொன்னால் அனுப்பிவிடுங்கள். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேளுங்கள். எந்த மாதமானாலும் "நாளைக்கே" என்று சொல்பவரிடம் ஜாக்கிரதை. அவர் மூன்று வருஷமாகத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு தோட்டத்தைக் காட்டச் சொல்லி, அதை மழைக்காலத்தில் பார்க்காமல் ஜூன் முதல் வாரத்தில் பாருங்கள். மழையில் எல்லாத் தரையும் பச்சைதான். பெரிய மர நிழலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அடர்ந்த நிழலில் அருகு வராது, அங்கே வேறு செடி வைக்கலாம் என்பவர் தொழில் தெரிந்தவர். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: கொத்தி முடித்ததும் ஒன்று, நட்டதும் ஒன்று, தரை மூடியதும் ஒன்று. பிறகு அவரோடு பேச ஒரே ஒருவரை நியமித்துவிட்டு மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் இங்கே வந்து முப்பது, நாற்பது வருஷம் ஆகிவிட்டது. உத்தியோகத்துக்காக வந்தோம், பிள்ளைகள் இங்கேயே படித்தார்கள், பேரன் பேத்திகளுக்கு இதுதான் சொந்த ஊர். கோயில் கட்டினோம், பள்ளிக்கூடம் நடத்துகிறோம், சங்கம் வைத்திருக்கிறோம். காலடியில் இருக்கும் மண்ணைப் பற்றி மட்டும் கேட்டறிய நமக்கு ஆள் வேண்டியிருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் இருப்பதில்தான் நஷ்டம். கல்யாணங்களில் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோம். அருகு போகிற இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். ஆனால் அந்த இடத்து மண்ணும் பருவமும் அனுமதித்தால்தான் பிடிக்கும்.

எங்கள் குடியிருப்பு அங்கத்தினர்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று. டைல்ஸ் தீர்மானத்தைத் தோற்கடியுங்கள். மாலியோடு வருஷ ஒப்பந்தம் எழுத்தில் போட்டு, கூலியை முறைப்படி உயர்த்திக் கொடுங்கள். புல்தரையில் டெண்ட் போடுவதை வருஷத்துக்கு இரண்டு தடவை என்று வரையறுத்து, எந்த மாதத்தில் போடலாம் என்பதை மாலியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அடுப்பு ஒருபோதும் புல்லின்மேல் வேண்டாம். நம் பொங்கல் அடுப்புக்கும் இது பொருந்தும், ஓரத்தில் நிரந்தரமாக ஒரு செங்கல் மேடை கட்டிக்கொண்டால் போதும். பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. நம் குடும்பங்கள் தவறாமல் வரவேண்டும். பிராக்ஸி கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

மற்றக் குடியிருப்புகளில் இருக்கும் அன்பர்கள் தங்கள் புல்தரை அனுபவங்களை, இதற்கு மாறான அபிப்பிராயமாக இருந்தாலும், ஆசிரியருக்கு எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.